பிராஞ்ச் இல்லாத இன்ஜினியரிங்: சிறிய கல்லூரியா, பெரிய பல்கலைக்கழகமா?

அமெரிக்காவில் இன்ஜினியரிங் படிக்க விண்ணப்பிக்கும் நம் பிள்ளைகளின் பட்டியலில் பர்டூ, ஜார்ஜியா டெக், இல்லினாய், டெக்சாஸ் ஏ அண்ட் எம் ஆகிய பெயர்கள் தவறாமல் இருக்கும். ஸ்வார்த்மோர், ஹார்வி மட், ஸ்மித், லஃபாயட், யூனியன் என்ற பெயர்களை அங்கே பார்ப்பது அபூர்வம். யாராவது எடுத்துச் சொன்னாலும், “அது ஆர்ட்ஸ் காலேஜ் ஆச்சே, அங்கே போய் இன்ஜினியரிங்கா?” என்று கேட்டுவிட்டு, வீட்டில் அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

அப்படிக் கேட்பதில் தப்பில்லை. லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகள் இளநிலைப் படிப்புக்காகவே நடக்கும் சிறிய கல்லூரிகள். ஆயிரம் முதல் மூவாயிரம் மாணவர்கள் வரை இருப்பார்கள். முனைவர் பட்ட மாணவர்கள் இல்லை, அல்லது பெயருக்குச் சிலர். தத்துவம், வரலாறு, கணிதம், இசை, உயிரியல் எல்லாவற்றையும் மாணவர்கள் கலந்து படிப்பார்கள். இந்த வகைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இன்ஜினியரிங் பட்டம் தருவதே இல்லை. ஆம்ஹர்ஸ்ட், வில்லியம்ஸ், பொமோனா எல்லாம் எவ்வளவு பேர் பெற்றவையாக இருந்தாலும் அங்கே அந்தப் பட்டம் கிடையாது. தருகிற சில கல்லூரிகளைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறேன். இது புதிதாக வந்த ஃபேஷனும் அல்ல. நியூயார்க் மாநிலத்தில் ஸ்கெனெக்டடி ஊரில் உள்ள யூனியன் கல்லூரி 1845-லேயே சிவில் இன்ஜினியரிங் தொடங்கிவிட்டது.

நான் தமிழ்நாட்டில் மெக்கானிக்கல் முடித்துவிட்டு பென்சில்வேனியாவில் வேலை பார்ப்பவன். என் அக்கா மகள் கல்லூரி தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது, “மாமா, நீங்களே கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க” என்று என்னிடம் பொறுப்பை விட்டாள். அப்போது தேடிப் படித்தவையும், இந்தக் கல்லூரிகளில் படித்துவிட்டு என்னோடு வேலை பார்ப்பவர்களிடம் கேட்டவையும்தான் இதற்கு அடிப்படை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பிரிவு என்று இன்னும் முடிவு செய்யாத, வாய் திறந்து கேள்வி கேட்கிற பிள்ளைக்குச் சிறிய கல்லூரி பொருந்தும். ராக்கெட் எஞ்சின்தான், சிப் வடிவமைப்புதான் என்று பதினேழு வயதிலேயே தெளிவாக இருக்கிற பிள்ளையை அங்கே அனுப்ப மாட்டேன்.

ஏன் என்பதற்குப் பாடத்திட்டத்தைப் பார்க்க வேண்டும். நம் ஊரில் 200-க்கு எவ்வளவு கட்-ஆஃப், அந்த ரேங்க்குக்கு எந்தக் கல்லூரியில் எந்த பிராஞ்ச் என்பதுதான் கவுன்சலிங்கின் மொத்தக் கணக்கு. பிராஞ்சை முதல் நாளே கையில் கொடுத்துவிடுவார்கள். ஸ்வார்த்மோரில் பிராஞ்ச் என்ற பேச்சே இல்லை. நான்காண்டு முடிவில் கிடைப்பது வெறும் ‘பி.எஸ். இன் இன்ஜினியரிங்’. மெக்கானிக்ஸ், மின்சுற்று, வெப்பவியல், பாய்ம இயக்கவியல், கட்டுப்பாட்டு முறைகளுக்கு அடித்தளமான சிஸ்டம்ஸ் பாடம் எல்லாவற்றையும் அத்தனை இன்ஜினியரிங் மாணவர்களும் படித்தாக வேண்டும். அதற்குப் பிறகு எலெக்டிவ் பாடங்களில் தனக்குப் பிடித்த பக்கம் சாயலாம். பட்டம் பெற 32 பாடங்கள். இன்ஜினியரிங்குக்கு 12, கணிதம் மற்றும் அறிவியலுக்கு 8 என்று போக, மீதி 12 இடங்கள் மாணவர் கையில். அந்த 12-ஐ வைத்துக்கொண்டு பொருளாதாரத்திலோ கணினி அறிவியலிலோ இரண்டாவது மேஜரும் (முதன்மைப் பாடமும்) முடிக்கிறவர்கள் உண்டு. வேறு எங்கும் இன்ஜினியரிங் மாணவருக்கு இவ்வளவு காலி இடம் கிடைத்து நான் பார்த்ததில்லை. முதல் செமஸ்டருக்கு மதிப்பெண் கணக்கில் சேராது, பாஸ் ஆனாயா இல்லையா என்பது மட்டும்தான். பள்ளியில் முதல் ரேங்க் எடுத்துவிட்டு வந்து, அங்கே எல்லோருமே முதல் ரேங்க்காக இருப்பதைப் பார்த்து மிரளும் பிள்ளைகளுக்கு இது பெரிய ஆறுதல்.

சரி, இதற்கு என்ன விலை? ஆழம். ஸ்வார்த்மோர் மொத்தமே சுமார் 1,700 பேர் படிக்கும் கல்லூரி. இன்ஜினியரிங் துறையில் பத்துக்குச் சற்றுக் கூடக்குறைய ஆசிரியர்கள். அத்தனை பேரை வைத்துக்கொண்டு எல்லா எலெக்டிவ் பாடங்களையும் வருடா வருடம் நடத்த முடியாது. பல பாடங்கள் ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் வரும். பேராசிரியர் ஒருவர் ஆராய்ச்சி விடுப்பில் போய்விட்டால் அவருடைய பாடமும் அவரோடு போய்விடும். நீங்கள் மூன்றாம் ஆண்டில் எடுக்க நினைத்த பாடம், நீங்கள் கிளம்பிய மறு செப்டம்பரில் பட்டியலில் வரலாம்.

இண்டியானா மாநிலத்தில் உள்ள பர்டூவைப் பாருங்கள். மாணவர் எண்ணிக்கை ஐம்பதாயிரத்துக்கும் மேல். நீல் ஆம்ஸ்ட்ராங் விமானப் பொறியியல் படித்த இடம். ராக்கெட் உந்துவிசைக்கென்றே ஸூக்ரோ ஆய்வகங்கள், நானோ தொழில்நுட்பத்துக்கு பிர்க் மையம், அதனுள் சிப் செய்வதற்கான, தூசி நுழையாத பிரம்மாண்டமான கிளீன் ரூம். குறைக்கடத்தியில் இறங்க நினைக்கும் பிள்ளை அந்த கிளீன் ரூமை இளநிலையிலேயே எட்டிப் பார்க்க முடிந்தால், அதற்கு ஈடாக எந்தச் சிறிய கல்லூரியும் எதையும் கொடுக்க முடியாது. வேலைவாய்ப்பிலும் அப்படித்தான். பர்டூ மாணவர்களே நடத்தும் இண்டஸ்ட்ரியல் ரவுண்ட்டேபிள் கண்காட்சிக்கு நூற்றுக்கணக்கான கம்பெனிகள் வருகின்றன. சிறிய கல்லூரிக்கு அத்தனை கம்பெனிகள் தேடி வருவதில்லை. அங்கே பழைய மாணவர்களுக்கு மெயில் போட்டு, பேசி, அறிமுகம் வாங்கித்தான் இன்டர்ன்ஷிப் பிடிக்க வேண்டும். பதில் தருவார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் மெயில் போடும் தைரியம் வேண்டும்.

ஆனால் பர்டூவிலும் முதல் நாளே பிராஞ்ச் கிடைத்துவிடாது. இன்ஜினியரிங்குக்கு வரும் எல்லோரும் முதலாண்டு பொதுத் திட்டத்தில் சேர்ந்து, அந்த வருட மதிப்பெண்ணை வைத்துத்தான் பிரிவுக்குள் போக வேண்டும். நெரிசல் மிகுந்த பிரிவுகளுக்குப் போட்டி இருக்கும். டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலும் இதே மாதிரி ஏற்பாடுதான். ஊரில் கவுன்சலிங்கைக் கடந்து வந்தவர்களுக்கு, இங்கே முதலாண்டு முழுக்க இன்னொரு கவுன்சலிங் நடப்பது போலவே தோன்றும். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்ளாமல், ஏரோஸ்பேஸ் உறுதி என்று நம்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பிராஞ்ச் பெயர் இல்லாத பட்டத்தை யார் மதிப்பார்கள் என்ற கவலைக்கு வருவோம். என் அக்காவின் முதல் கேள்வியே அதுதான். அமெரிக்காவில் இன்ஜினியரிங் படிப்புகளுக்கு ஏபெட் என்ற அமைப்பு அங்கீகாரம் தருகிறது. ஸ்வார்த்மோர், ஹார்வி மட், ஸ்மித் மூன்றின் பொது இன்ஜினியரிங் பட்டங்களுக்கும் அது உண்டு. சிவில் பக்கம் போகிறவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். அந்த அங்கீகாரம் பெற்ற பட்டம், எஃப்.இ. என்ற அடிப்படைத் தேர்வு, பொதுவாக நான்கு வருட அனுபவம், கடைசியாகப் பி.இ. தேர்வு (நம் ஊர் பி.இ. பட்டம் அல்ல, ‘புரொஃபெஷனல் இன்ஜினியர்’ தேர்வு) என்ற பாதையில்தான் வரைபடத்தில் கையெழுத்துப் போடும் உரிமம் கிடைக்கும். மெக்கானிக்கல், மென்பொருள், எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளில் பட்டத்தின் பெயரைவிட எந்தெந்தப் பாடம் எடுத்தாய், என்ன செய்து பார்த்தாய் என்பதைத்தான் கேட்கிறார்கள். மேற்படிப்புக்கும் தடையில்லை. பட்டதாரிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, பிற்பாடு முனைவர் பட்டம் பெறுகிறவர்களின் விகிதத்தைக் கணக்கிட்டால், அமெரிக்காவில் ஹார்வி மட், ஸ்வார்த்மோர் இரண்டும் முதல் வரிசையில் நிற்கின்றன.

இந்தியாவுக்குத் திரும்புவது திட்டமாக இருந்தால் மட்டும் யோசிக்க வேண்டும். பொதுத்துறை நிறுவனங்களின் வேலை விளம்பரங்கள் மெக்கானிக்கல், எலெக்ட்ரிக்கல் என்று பிரிவின் பெயரைச் சொல்லித்தான் கேட்கின்றன. ‘இன்ஜினியரிங்’ என்று மட்டும் போட்ட சான்றிதழோடு அங்கே போய் விளக்கிக்கொண்டிருப்பது வீண் அலைச்சல். பி.எஸ். பட்டத்தோடு பி.ஏ. பட்டமும் சில கல்லூரிகளில் உண்டு என்பதையும் கவனியுங்கள். லஃபாயட்டில் ‘இன்ஜினியரிங் ஸ்டடீஸ்’, ஸ்மித்தில் ‘இன்ஜினியரிங் ஆர்ட்ஸ்’ என்று இருக்கின்றன. கொள்கை, நிர்வாகம் என்று போகிறவர்களுக்கு அவை நல்ல படிப்புகளே. பொறியாளராக வேலை பார்க்க நினைப்பவர் அவற்றை எடுக்கக் கூடாது.

இனி, சிறிய கல்லூரிகளுக்குள்ளேயே எதைத் தேர்ந்தெடுப்பது? வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். உள்ளே போனால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

ஹார்வி மட் கலிஃபோர்னியாவில் க்ளேர்மான்ட் நகரில் இருக்கிறது. 1955-இல் தொடங்கியது, மாணவர்கள் சுமார் 900 பேர். பெயருக்குத்தான் லிபரல் ஆர்ட்ஸ். அறிவியலும் கணிதமும் கணினியும் இன்ஜினியரிங்கும்தான் அங்கே மேஜர். எந்த மேஜராக இருந்தாலும் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல், கணினி, எழுத்துப் பயிற்சி அடங்கிய ‘கோர்’ பாடங்களை எல்லோரும் முடித்தே ஆக வேண்டும். அதோடு கலை, சமூக அறிவியல் பாடங்களையும் கணிசமாகக் கேட்பார்கள். இன்ஜினியரிங் மாணவர்களைத் தொடக்கத்திலேயே பட்டறைக்குள் அனுப்பிவிடுகிறார்கள். லேத், மில்லிங் எந்திரங்களில் சொந்தக் கையால் சுத்தியல் செய்வது அங்கே வழக்கம். நாங்கள் ஊரில் ஒர்க்‌ஷாப் வகுப்பில் இரும்புத் துண்டை நாள்கணக்கில் அரம் போட்டுத் தேய்த்துவிட்டு, கடைசியில் அதைப் பழைய இரும்புக் கூடையில் போட்டுவிட்டு வந்தோம். சுத்தியலாவது வீட்டுக்கு ஆகும்!

மட்டின் உண்மையான பலம் ‘கிளினிக்’ என்ற திட்டம். 1963 முதல் நடக்கிறது. ஒரு கம்பெனி கட்டணம் செலுத்தித் தன்னிடமுள்ள நிஜமான சிக்கல் ஒன்றைக் கொண்டுவரும். நான்கைந்து மாணவர்கள் கொண்ட குழு, ஒரு பேராசிரியர் வழிகாட்டலில் வருடம் முழுக்க அதில் வேலை செய்து முடித்துத் தரும். இன்ஜினியரிங் மாணவர்கள் மூன்றாம் ஆண்டின் பிற்பாதியிலிருந்து மூன்று செமஸ்டர் இதில் இருப்பார்கள். வாராவாரம் கம்பெனியோடு பேச வேண்டும், பட்ஜெட் பார்க்க வேண்டும், சொன்ன தேதிக்குக் கொடுக்க வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களிடம் நான் பார்க்கிற பெரிய குறை கணக்குப் போடத் தெரியாதது அல்ல. ஒரு வேலை எவ்வளவு நாள் பிடிக்கும் என்று வாடிக்கையாளரிடம் சொல்லத் தெரியாததுதான். அந்த வகையில் இந்தக் கிளினிக் எந்த இன்டர்ன்ஷிப்புக்கும் குறைந்ததில்லை.

ஆனால் மட்டின் பாடச்சுமை பேர்போனது. 2017-இல் மாணவர்கள் மன அழுத்தத்தையும் சுமையையும் எதிர்த்துப் போராடியதில் கல்லூரியே சில நாட்கள் வகுப்புகளை நிறுத்தி வைத்தது. அதற்குப் பிறகு கோர் பாடத்திட்டத்தில் மாற்றங்கள் செய்தார்கள். இருந்தாலும், தூக்கம் கெடாமல் படிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அது இடமல்ல. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கு ஒரு நல்ல தகவல்: 2014-இல் அங்கே இன்ஜினியரிங் பட்டம் பெற்றவர்களில் பாதிக்கும் மேல் பெண்கள். நாட்டின் பெரும்பாலான இன்ஜினியரிங் வகுப்புகளில் ஐந்தில் ஒரு பங்கு தேறுவதே பாடாக இருந்த காலம் அது.

ஸ்மித் இதற்கு நேர்மாறான உலகம். மாசசூசெட்ஸில் நார்த்தாம்ப்டன் நகரில் உள்ள மகளிர் கல்லூரி. அமெரிக்க மகளிர் கல்லூரிகளில் முதன்முதலாக இன்ஜினியரிங் பட்டம் கொண்டுவந்தது இங்கேதான். முதல் அணி 2004-இல் பட்டம் வாங்கியது. பிக்கர் இன்ஜினியரிங் திட்டம் என்று பெயர். கிடைப்பது ‘இன்ஜினியரிங் சயின்ஸ்’ பட்டம். கல்லூரி முழுக்கப் பொதுவான கட்டாயப் பாடங்கள் ஏறக்குறைய இல்லை. மேஜர் கேட்பது போக, மீதியை மாணவியே அமைத்துக்கொள்ளலாம். வகுப்பில் சந்தேகம் கேட்கத் தயங்கும் பெண்கள் இங்கே ஒரே வருடத்தில் மாறிவிடுகிறார்கள் என்று அங்கே படித்த சக ஊழியர் ஒருவர் சொன்னார். குழு ப்ராஜெக்டில் குறிப்பு எடுக்கும் வேலையைப் பெண்ணின் தலையில் கட்டுவது எல்லா இன்ஜினியரிங் கல்லூரிகளிலும் நடக்கும். இங்கே எல்லோருமே பெண்கள் என்பதால் வெல்டிங் செய்வதும் அவள்தான், குறிப்பு எடுப்பதும் அவள்தான். மகளிர் கல்லூரி என்றால் பாதுகாப்பு, கட்டுப்பாடு என்று நம் அம்மாக்கள் நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். வார்டன், மாலை ஆறு மணி கேட், அவுட் பாஸ் எதுவும் அங்கே இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது.

பிராஞ்ச் பெயர் வேண்டும், ஆனால் சிறிய இடமும் வேண்டும் என்பவர்களுக்கு பென்சில்வேனியாவில் லஃபாயட்டும் பக்னெலும் இருக்கின்றன. லஃபாயட்டில் கெமிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் என்று தனித்தனிப் பட்டங்கள். ஈஸ்டன் நகரில் 1826-இல் நிறுவப்பட்டது, சுமார் 2,700 மாணவர்கள். (பர்டூ இருக்கும் வெஸ்ட் லஃபாயட் ஊரின் பெயரும் இந்தக் கல்லூரியின் பெயரும் அதே ஃபிரெஞ்சுப் பிரபுவின் பெயர்தான். கூகுளில் தேடும்போது குழம்ப வேண்டாம்.) இடம் கிடைப்பது ஸ்வார்த்மோர், மட் அளவுக்குக் கடினமல்ல. என்னைக் கேட்டால், நம் குடும்பங்களுக்கு எளிதாகப் புரிய வைக்கக்கூடிய கல்லூரி இதுதான். யூனியனும் அதே ரகம். ஜெனரல் எலெக்ட்ரிக் வளர்ந்த ஊரில் இருப்பதால் அந்தக் காலத்து மின்னியல் மேதை ஸ்டைன்மெட்ஸே அங்கே பாடம் எடுத்திருக்கிறார். வருடத்தை மூன்று பருவமாகப் பிரித்து நடத்துகிறார்கள். பாடங்கள் பத்து வாரத்தில் பறக்கும், ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தால் போச்சு.

அப்புறம் ‘3-2’ திட்டம். மூன்று வருடம் சிறிய கல்லூரியில், இரண்டு வருடம் கொலம்பியா மாதிரியான பல்கலைக்கழகத்தில், முடிவில் இரண்டு பட்டங்கள். இன்ஜினியரிங் இல்லாத லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரிகளின் கையேட்டில் இது பளபளப்பாக இருக்கும். நடைமுறையில் மிகச் சிலரே போகிறார்கள். நண்பர்களெல்லாம் நான்காம் ஆண்டைக் கொண்டாடிக்கொண்டிருக்கும்போது மூட்டை கட்டிக்கொண்டு புது ஊருக்குப் போவது ஒரு கஷ்டம். ஐந்தாவது வருடத்துக்கான செலவு இன்னொன்று. முதல் கல்லூரி தந்த உதவித்தொகை இரண்டாவது இடத்துக்குக் கூடவே வராது, வெளிநாட்டு மாணவர்களுக்கு அங்கே உதவி கிடைப்பது மேலும் சந்தேகம். இதை நம்பி ஒரு கல்லூரியில் சேராதீர்கள். டார்ட்மத் நடத்தும் வகை மட்டும் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றாம் ஆண்டு அங்கே போய்விட்டு, நான்காம் ஆண்டு சொந்தக் கல்லூரிக்குத் திரும்பி நண்பர்களோடு பட்டம் வாங்கிவிட்டு, ஐந்தாம் ஆண்டு மறுபடி போகலாம்.

வகுப்பு தவிர்த்த வாழ்க்கையைப் பற்றிப் பெற்றோர் அதிகம் கேட்பதில்லை. பிள்ளைகள் அதை மட்டும்தான் கேட்பார்கள். ஸ்வார்த்மோரின் வளாகம் முழுவதுமே ஒரு மரப்பூங்கா. ஒவ்வொரு மரத்துக்கும் பெயர்ப்பலகை இருக்கும், பின்னால் க்ரம் காடு. வளாகத்தின் ஓரத்திலேயே ரயில் நிலையம், அரை மணி நேரத்துக்குள் ஃபிலடெல்ஃபியா. அக்கா மகளுக்கு அந்த ரயில் நிலையம் பிடித்துவிட்டது, பாடத்திட்டத்தைவிட. ஸ்மித்தில் விடுதி என்றால் வரிசையாக அறைகள் உள்ள கட்டடம் அல்ல, தனித்தனி வீடுகள். முதலாண்டு முதல் நான்காம் ஆண்டு வரை கலந்து இருப்பார்கள், வெள்ளிக்கிழமை மாலை வீட்டுக்கு வீடு டீ விருந்து. இலையுதிர் காலத்தில் ஒரு நாள் காலை, முன்னறிவிப்பு இல்லாமல் மணி அடித்து, இன்று வகுப்புகள் ரத்து, மலைக்குப் போங்கள் என்று சொல்லிவிடுவார்கள். நம் பள்ளிகளில் மழைக்காக ஆட்சியர் விடுமுறை விடுவாரா என்று காலையில் டிவி பார்த்துக்கொண்டிருந்த தலைமுறைக்கு இதன் சந்தோஷம் புரியும். ஹார்வி மட்டில் நேர்மை விதி ஒன்று உண்டு. தேர்வுத்தாளை அறைக்கு எடுத்துப்போய், தானே நேரம் பார்த்து, புத்தகத்தைத் திறக்காமல் எழுதித் தர வேண்டும். எழுதவும் செய்கிறார்கள்.

சிறிய ஊர் போலத்தான் சிறிய கல்லூரியும். யார் யாரோடு பேசவில்லை, யார் எந்தப் பாடத்தில் தடுமாறுகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். மனம் ஒத்த நண்பர்கள் அமைந்துவிட்டால் சொர்க்கம். அமையாவிட்டால் ஒளிந்துகொள்ள இடமில்லை. பர்டூவில் ஒரு கூட்டம் ஒத்துவரவில்லை என்றால் வேறு கூட்டத்துக்குப் போகலாம். தமிழ் பேசும் மாணவர்கள், கிரிக்கெட், தீபாவளி எல்லாம் தேடாமலே கிடைக்கும். ஸ்வார்த்மோரில் தமிழ் பேசுகிறவர்களை ஒரு கை விரலுக்குள் எண்ணிவிடலாம். அருகிலுள்ள கல்லூரிகளோடு இருக்கும் ஒப்பந்தங்கள் இந்த நெருக்கடியை ஓரளவு குறைக்கின்றன. மட் மாணவர் தெருவைக் கடந்து பொமோனாவிலோ ஸ்கிரிப்ஸிலோ பாடம் எடுக்கலாம், சாப்பிடலாம். ஸ்மித் மாணவிகள் ஆம்ஹர்ஸ்டிலும், பெரிய பல்கலைக்கழகமான யூமாஸிலும் வகுப்புக்குப் போகலாம். ஸ்வார்த்மோருக்கு பிரின் மார், ஹாவர்ஃபோர்ட் கல்லூரிகள், பென் (பென்சில்வேனியா பல்கலைக்கழகம்). தெருவைக் கடப்பதும் ரயில் பிடித்துப் போவதும் ஒன்றல்ல என்பதை மட்டும் மனதில் வையுங்கள். க்ளேர்மான்டில் இது தினசரி வாழ்க்கை. மற்ற இடங்களில் முனைப்பு உள்ளவர்கள் மட்டும் பயன்படுத்தும் வசதி.

விளையாட்டுக் கூச்சல் வேண்டுமென்றால் பர்டூவே சரி. ஸ்வார்த்மோர் 2000-இல் தன் அமெரிக்கன் ஃபுட்பால் அணியையே கலைத்துவிட்டது. யூனியன் மட்டும் விதிவிலக்கு. இரண்டாயிரம் பேர் படிக்கும் அந்தக் கல்லூரி 2014-இல் தேசிய ஐஸ் ஹாக்கிக் கோப்பையை ஜெயித்தது.

கடைசியாகப் பணம். பல வீடுகளில் இதுதான் முதல் விஷயமாக இருந்திருக்க வேண்டும். இந்தச் சிறிய தனியார் கல்லூரிகளின் வருடச் செலவு, விடுதியும் சாப்பாடும் சேர்த்து, 80,000 டாலருக்கு மேல். நான்கு வருடத்துக்கு இரண்டரைக் கோடி ரூபாயைத் தாண்டும். பர்டூவில் அந்த மாநிலத்தவருக்குக் கட்டணம் மட்டும் 9,992 டாலர், 2013 முதல் உயர்த்தாமல் வைத்திருந்தார்கள். வெளிநாட்டு மாணவருக்கு எல்லாம் சேர்த்து வருடத்துக்குச் சுமார் 50,000 டாலர் என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியல் விலையில் பார்த்தால் ஒப்பீடே தேவையில்லை.

ஆனால் சிறிய கல்லூரிகள் அந்தப் பட்டியல் விலையை எல்லோரிடமும் வாங்குவதில்லை. ஸ்வார்த்மோர், மட், ஸ்மித் மூன்றும், இடம் கொடுத்த மாணவரின் குடும்பத்தால் எவ்வளவு முடியும் என்று கணக்கிட்டு, மீதியைத் தாங்களே ஈடுகட்டுகின்றன. வெளிநாட்டு மாணவருக்கும் அப்படித்தான். ஸ்வார்த்மோர் உதவியில் கடன் சேர்ப்பதில்லை, ஸ்மித் 2022-இல் கடனை நீக்கியது. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு மாணவருக்கு வருமானம் பார்த்துத் தரும் உதவி அனேகமாக இல்லை. ஆகவே நடுத்தரக் குடும்பத்துக்கு ஸ்வார்த்மோர் பர்டூவைவிட மலிவாக முடிய வாய்ப்பு உண்டு. சிக்கல் இடம் கிடைப்பதில்தான். அமெரிக்கக் குடிமக்களையும் கிரீன் கார்டு உள்ளவர்களையும் எடுக்கும்போது ஸ்வார்த்மோர் பண நிலையைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டு மாணவரென்றால் பார்க்கும். எவ்வளவு அதிகம் உதவி கேட்கிறீர்களோ அவ்வளவு கடினம். ஏற்கெனவே நூறு பேர் விண்ணப்பித்தால் பத்துப் பேருக்குக்கூட இடம் தராத கல்லூரி அது. எனவே சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் பிள்ளைக்கும் நியூ ஜெர்சியில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கும் இந்தக் கணக்கு ஒன்றல்ல. நியூ ஜெர்சிப் பிள்ளை தன் மாநிலத்து அரசுப் பல்கலைக்கழகமான ரட்கர்ஸோடு ஒப்பிட வேண்டும். சென்னைப் பிள்ளை, “இடம் கிடைத்து, உதவியும் கிடைத்தால்” என்ற இரட்டை நிபந்தனையோடு விண்ணப்பித்துவிட்டு, வேறு இடங்களையும் கையில் வைத்திருக்க வேண்டும். முழுச் செலவையும் கடன் வாங்கிக் கட்டிச் சிறிய கல்லூரிக்குப் போவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எஃப்-1 விசாவில் படித்தவர்களுக்கு எந்தக் கல்லூரியாக இருந்தாலும் ஓபிடி, அதாவது படிப்புக்குப் பின் வேலை பார்க்கும் அனுமதி, 12 மாதம், அறிவியல் தொழில்நுட்பப் படிப்புக்கு மேலும் 24 மாதம், மொத்தம் மூன்று வருடம்தான். அதற்குள் அவ்வளவு கடனை அடைப்பது நடக்காத காரியம்.

அக்கா மகளிடம் நான் சொன்னது இதுதான். உனக்கு மின்னணுவும் பிடிக்கிறது, பாலம் கட்டுவதும் பிடிக்கிறது, ஆசிரியரை விடாமல் கேள்வி கேட்கிறாய், உதவித்தொகைக் கடிதமும் வந்திருக்கிறது, ஸ்வார்த்மோருக்குப் போ. அவள் தம்பிக்கு இதே யோசனையைச் சொல்ல மாட்டேன். அவனுக்கு எட்டாம் வகுப்பிலிருந்தே ராக்கெட்தான், யாரிடமும் வாய் திறந்து பேசவும் மாட்டான். அவன் ஐம்பதாயிரம் பேருக்கு நடுவில் தன் லேப்பைக் கண்டுபிடித்துச் சந்தோஷமாக இருப்பான்.

உங்கள் வீட்டில் இன்னும் முடிவாகவில்லை என்றால், மே 1-க்குள் இடத்தை உறுதிசெய்யும் முன்பணத்தைக் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கல்லூரியின் பாடக் கையேட்டை விட்டுவிடுங்கள், அதில் எல்லாப் பாடமும் இருக்கும். கடந்த நான்கு செமஸ்டர்களின் கால அட்டவணையைக் கேட்டு வாங்கி, அதில் உண்மையிலேயே நடந்த இன்ஜினியரிங் எலெக்டிவ் பாடங்களைப் பிள்ளையை விட்டு எண்ணச் சொல்லுங்கள். பிறகு துறைத் தலைவருக்கு அந்தப் பாடங்களைப் பற்றி ஒரு மெயில், அதையும் பிள்ளையே எழுதட்டும். இரண்டு மூன்று நாளில் பேராசிரியரே விரிவாகப் பதில் எழுதினால் அது ஒரு தகவல். அலுவலகத்திலிருந்து ஒரு இணைப்பு மட்டும் வந்தால் அதுவும் ஒரு தகவல்.